கடைசி மாதிரித் தேர்வு: எப்போது எழுதுவது, எப்படித் திருத்துவது, பிறகு என்ன செய்வது

மாதக்கணக்கில் படித்துவிட்டுப் போய், நேரம் போதாமல் பதினைந்து இருபது கேள்விகளைத் தொடாமலே எழுந்து வருகிறவர்கள் எல்லாத் தேர்விலும் உண்டு. கேட்டால், "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான், டைம் பத்தல" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். பாடத்தைப் படித்திருக்கிறார்கள், தேர்வை எழுதிப் பழகவில்லை. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவதும், எந்தக் கேள்வியை விட்டுத் தள்ளுவது என்று அரை நிமிடத்தில் முடிவெடுப்பதும், பக்கத்து மேசைக்காரர் இரண்டாவது கூடுதல் தாள் வாங்கும்போது பதறாமல் இருப்பதும் செய்து பார்த்தால் மட்டுமே கைவரும்.

முதல்முறையாக ஒரு பெரிய தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எழுதும் கடைசி மாதிரித் தேர்வை மார்க் பார்ப்பதற்காக எழுதாதீர்கள். தேர்வு நாளை ஒருமுறை முழுசாக வாழ்ந்து பார்ப்பதற்காக எழுதுங்கள். அன்று உங்களுக்குப் புதிதாக இருக்க வேண்டியது கேள்விகள் மட்டும்தான்.

படிக்கிற நேரத்தை எடுத்துத் தேர்வு எழுதுவதில் செலவழிப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும்போது "எல்லாம் தெரியுது" என்று தோன்றுகிறதே, அந்தத் தெம்பு முதல் ஐந்து நிமிடத்துக்கு உரியது. தேர்வறையில் கைகொடுப்பது பார்க்காமல் எழுதிப் பார்த்ததுதான்.

எந்த நாள், எந்த வினாத்தாள்

தேர்வுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பு எழுதுங்கள். அதற்கும் முன்னால் போனால், பாதிப் பாடம் ரிவிஷன் ஆகாமல் இருக்கும். முந்தைய நாள் எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தவறு தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது, மார்க் குறைந்தால் அன்றைய தூக்கமும் போய்விடும். இதைப் படிக்கும்போது கையில் இரண்டே நாள் இருக்கிறதென்றால், பாதி வினாத்தாளைப் பாதி நேரத்தில் எழுதுங்கள். அதுவும் பயன்தான்.

முடிந்தால் தேர்வு எந்தக் கிழமையோ அதே கிழமை, அதே நேரம். காலை 9.30-க்குத் தேர்வென்றால் மாதிரித் தேர்வும் 9.30-க்குத்தான். இரவு பதினொரு மணிக்குச் சுறுசுறுப்பாகப் படிக்கிறவர்கள் காலை பத்து மணிக்குக் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதே வாய்ப்புக் கிடைப்பது நல்லது.

வினாத்தாள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். தேர்வு நடத்துகிற அமைப்பே வெளியிட்ட முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை, முடிந்தவரை சமீபத்தியதை, நீங்கள் கண்ணால்கூடப் பார்க்காமல் இதற்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும். பயிற்சி மையங்களின் மாக் டெஸ்ட்கள் பழகுவதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் பல வேண்டுமென்றே கடினமாக அமைக்கப்பட்டவை. கடைசி வாரத்தில் அப்படி ஒன்றை எழுதி நொந்துபோவதில் லாபம் இல்லை. பழைய வினாத்தாள்கள் எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால், இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களிலிருந்து கேள்விகளைக் கலந்து எடுத்துத் தரச் சொல்லி வேறொருவரிடம் கேளுங்கள். நீங்களே எடுத்தால் உங்களுக்குப் பிடித்த கேள்விகள்தான் வந்து உட்காரும்.

தேர்வு நாளையே நகலெடுங்கள்

முந்தைய இரவு தேர்வுக்கு முன் எப்போது படுப்பீர்களோ அப்போது படுங்கள். காலையில் என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். அன்று போடப்போகும் அதே உடை. அதே பேனா, அதே மாதிரி இன்னொரு பேனா. புதுப் பேனா வாங்கியிருந்தால் இன்றைக்கே அதில் எழுதிப் பழக்கிவிடுங்கள். மூன்று மணி நேரம் எழுதும்போது விரல் எங்கே வலிக்கிறது என்று பத்து வரி எழுதிப் பார்த்தால் தெரியாது.

மேசை, நாற்காலி. கட்டிலும் சோபாவும் வேண்டாம். மேசையில் தேர்வறையில் அனுமதிக்கும் பொருள்கள் மட்டும் இருக்கட்டும். கால்குலேட்டர் அனுமதி இல்லையென்றால் அது வேறு அறையில் இருக்க வேண்டும். செல்போனும் அப்படித்தான். நேரம் பார்க்க போனை வைத்துக்கொள்கிறேன் என்பது வேண்டாம். அறையில் கைக்கடிகாரம் அனுமதிப்பார்களா என்று ஹால் டிக்கெட்டில் பாருங்கள். அனுமதி இல்லையென்றால் சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்பிப் பழகுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் தூரத்தில் அது இருக்கட்டும்.

பலரும் கதவைச் சாத்தி, மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத இடமாகப் பார்த்து எழுதுகிறார்கள். உண்மையான தேர்வறை அப்படி இருக்காது. யாராவது இருமுவார்கள், கண்காணிப்பாளர் நடப்பார், நாற்காலி கிறீச்சிடும், வருகைத் தாளில் கையெழுத்து வாங்க நீங்கள் மும்முரமாக இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள். அதனால் வீட்டில் இருக்கிறவர்களிடம், நடுவில் ஒருமுறை உள்ளே வந்து ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, விட்ட வரிக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். பழகாதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பழகினால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

தண்ணீர் எப்போது குடிப்பது, கழிப்பறைக்கு எப்போது போய்வருவது என்பதையும் இன்றே பாருங்கள். சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் கவனத்தைக் குலைப்பதில் இதற்கு ஈடு வேறில்லை.

கணினியில் நடக்கும் தேர்வென்றால் மாதிரித் தேர்வும் கணினியில், மவுஸ் வைத்துத்தான். செல்போனில் எழுதிப் பழகியவர்களுக்குப் பெரிய திரையில் நீண்ட பத்தியைப் படித்துக்கொண்டே பக்கத்தில் ரஃப் தாளில் கணக்குப் போடுவது முதல்முறை தடுமாற்றமாக இருக்கும். விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா, சேமித்து அடுத்ததற்குப் போகும் பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகுமா, மறுபார்வைக்குக் குறித்து வைத்த கேள்வியின் விடை கணக்கில் வருமா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். தேர்வு நடத்துகிற அமைப்பு தன் தளத்தில் மாதிரித் திரை வைத்திருந்தால் அதில் அரைமணி நேரம் கையாண்டு பாருங்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

விரிவான விடை எழுதும் தேர்வுக்குக் கணக்கு எளிது. 100 மதிப்பெண், 180 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாளைப் படித்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்க 10 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 10 நிமிடம் போனால் மீதி 160. ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம். அதாவது ஐந்து மதிப்பெண் கேள்விக்கு 8 நிமிடம், பத்து மதிப்பெண் கேள்விக்கு 16 நிமிடம். நன்றாகத் தெரிந்த கேள்விக்கு 25 நிமிடம் எழுதி அசத்துவதில்தான் பெரும்பாலானவர்கள் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். அந்த விடைக்குப் பத்துக்குப் பதினொன்று யாரும் போடப் போவதில்லை. எடுத்துக்கொண்ட கூடுதல் 9 நிமிடம் என்பது வேறோர் ஐந்து மதிப்பெண் கேள்வி.

கொள்குறி வகைத் தேர்வுக்கு மூன்று சுற்றாகப் போவது நல்லது. முதல் சுற்றில் பார்த்ததும் விடை தெரிகிற கேள்விகள் மட்டும். அரை நிமிடத்தில் வழி தெரியவில்லையென்றால் வட்டமிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் யோசித்தால் வரும் என்று தோன்றியவை. மூன்றாவதில் மிச்சம். 120 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் முதல் சுற்றுக்கு 65, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 10, கடைசி 10 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மாதிரித் தேர்வு. 60-வது நிமிடத்தில் எத்தனையாவது கேள்வியில் இருந்தீர்கள் என்பதை ரஃப் தாளில் குறித்துவையுங்கள். பிற்பாடு தேவைப்படும்.

ஓ.எம்.ஆர். தாளை, அதாவது வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாளை, அச்சடித்து வைத்து அதிலேயே நிரப்புங்கள். வினாத்தாளிலேயே டிக் அடித்துவிட்டு "நிரப்பறதுக்கு என்ன, அஞ்சு நிமிஷம்" என்று நினைப்பது ஆபத்து. 100 வட்டங்களை ஒழுங்காக நிரப்ப ஒன்றுக்கு ஐந்து நொடி என்றாலே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதைவிடக் கொடுமை வரிசை மாறுவது. 37-வது கேள்வியை விட்டுவிட்டு 38-க்குப் போகிறீர்கள், கை பழக்கத்தில் 37-வது வரிசையில் நிரப்புகிறது. கடைசி வரை ஒரு வரிசை தள்ளியே போகிறது. நூறாவது கேள்விக்கு வரும்போது ஒரு வரிசை மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிகிறது. மையால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. இதற்கு ஒரே தடுப்பு, ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் நின்று வினாத்தாள் எண்ணும் விடைத்தாள் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. 10, 20, 30 என்று வரும்போது கை தானாக நிற்கும்வரை பழக வேண்டும்.

ஒரு சின்னக் குறி

இந்த மாதிரித் தேர்வில் மட்டும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் வினாத்தாளில் ஒரு குறி போடுங்கள். உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு கோடு, சந்தேகத்தோடு போட்டதற்குக் கேள்விக்குறி, குருட்டாம்போக்கில் அடித்ததற்குப் புள்ளி. ஒரு நொடிகூட ஆகாது. திருத்தும்போது இதன் அருமை தெரியும்.

தவறான விடைக்கு மார்க் குறைக்கும் தேர்வென்றால் இந்தக் குறிகள் இன்னும் முக்கியம். நான்கு விடைகளில் ஒன்று சரி, சரியான விடைக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே தெரியாமல் அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது: கேள்விக்குச் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு மார்க். இரண்டைத் தள்ள முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, நெகட்டிவ் மார்க் என்றதும் பயந்துபோய், இரண்டு விடைகளுக்கு நடுவில் ஊசலாடிய கேள்விகளை எல்லாம் வெறுமனே விட்டு வருவது நட்டம். எதையுமே தள்ள முடியாத கேள்விகளைத்தான் விட வேண்டும். குறைப்பே இல்லாத தேர்வில் ஒரு கேள்வியையும் விடை போடாமல் விடக் கூடாது.

திருத்தும் வேலை

எழுதி முடித்த கையோடு விடைக்குறிப்பை எடுக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதுங்கள். எப்போது சோர்வு வந்தது, எந்தப் பகுதியில் மனம் அலைந்தது, பசித்ததா, எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு பிடிவாதம் பிடித்தீர்கள். மார்க் தெரிந்துவிட்டால் இதெல்லாம் மறந்துபோகும். அப்புறம் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு உட்காருங்கள்.

திருத்துவதற்கு, எழுதிய அளவு நேரமாவது ஒதுக்க வேண்டும். மூன்று மணி நேரம் எழுதிவிட்டுப் பத்து நிமிடத்தில் கூட்டிப் பார்த்து எழுந்துவிட்டால், அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி வீண். மொத்த மார்க்கைக் கடைசியில் கூட்டுங்கள். அதற்கு முன்னால், போன ஒவ்வொரு மார்க்குக்கும் ஏன் போனது என்று எழுதுங்கள். பெரும்பாலும் நான்கு காரணங்களுக்குள் அடங்கும்: ஒன்று, பாடமே தெரியாது; இரண்டு, படித்தது, ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை; மூன்று, தெரியும், ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்தோம் அல்லது கணக்கில் சறுக்கினோம்; நான்கு, நேரம் இல்லாமல் தொடவே இல்லை.

மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதை எல்லோரும் "சில்லி மிஸ்டேக்" என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த முறை கவனமாக இருந்தால் போதும் என்று நினைப்பு. கவனமாக இருப்பது என்று ஒரு வேலை கிடையாது. என்ன தவறு என்று குறிப்பாகத் தெரிந்தால்தான் அதைத் தடுக்கக் குறிப்பாக ஏதாவது செய்ய முடியும். ஓர் எடுத்துக்காட்டு: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒரு கம்பத்தை 15 நொடியில் கடக்கிறது, ரயிலின் நீளம் எத்தனை மீட்டர்? 72-ஐ 15-ஆல் பெருக்கினால் 1080. விடைகளைப் பார்த்தால் 1080 அங்கே இருக்கிறது. நிம்மதியாக நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுவோம். வினாத்தாள் தயாரிக்கிறவருக்கு நாம் எங்கே சறுக்குவோம் என்று தெரியும், அதனால்தான் அந்த எண் அங்கே இருக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர், நீளம் 300 மீட்டர். இங்கே தவறின் பெயர் கவனக்குறைவு இல்லை, "அலகை மாற்றவில்லை" என்பது. அதற்கான மாற்று: ரஃப் தாளில் எண்ணை எழுதும்போதே பக்கத்தில் அலகையும் எழுதுவது. "கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று படித்திருந்தால், மாற்று: "தவறானது", "அல்லாதது", "தவிர" போன்ற சொற்களைப் பார்த்ததும் அடிக்கோடு போடுவது. இப்படி ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு கைவேலை கண்டுபிடியுங்கள். ஐந்தாறுக்கு மேல் வராது, ஒரே தவறுதான் பலமுறை வந்திருக்கும்.

இப்போது குறிகளைப் பாருங்கள். கோடு போட்டு, அதாவது உறுதியாகத் தெரியும் என்று போட்டு, தவறாகிப்போன கேள்விகளைத் தனியாக எழுதுங்கள். இந்த வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இவைதான். தெரியாது என்று தெரிந்ததை எப்படியும் படிப்பீர்கள். தப்பாகத் தெரிந்து வைத்திருப்பதை இப்படி ஒரு தேர்வு காட்டிக்கொடுத்தால் ஒழியக் கண்டுபிடிக்க வழியில்லை. நம்பிக்கையோடு செய்த தவறு, சரியான விடையைப் பார்த்த பிறகு மற்றத் தவறுகளைவிட நன்றாகத் திருந்துகிறது என்று 2001-ல் வெளியான பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் ஆய்வு காட்டியது. "அட, இதுவா!" என்ற அந்த அதிர்ச்சியே மனதில் பதிய வைத்துவிடுகிறது.

கேள்விக்குறி போட்டுச் சரியாகிப்போனவையும் படிக்க வேண்டிய பட்டியலில்தான் சேரும். மார்க் கிடைத்துவிட்டது என்பதால் விட்டுவிட வேண்டாம். புள்ளி வைத்தவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். உங்கள் ஊகம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தெரியும்.

முதலில் போட்ட விடையை மாற்றலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். "முதல்ல தோணுனதுதான் சரி, மாத்தாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை ஆராய்ந்தார்கள். மாற்றங்களில் ஏறத்தாழ பாதி, தவறிலிருந்து சரிக்குப் போனவை. சரியிலிருந்து தவறுக்குப் போனவை கால்வாசி. மாற்றித் தோற்றது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது, மாற்றி ஜெயித்தது நினைவில் நிற்பதில்லை. அதனால், மாற்றுவதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்றாதீர்கள். மாதிரித் தேர்வில் நீங்கள் மாற்றியவற்றை எண்ணிப் பார்த்தால் உங்கள் விஷயம் எப்படி என்று தெரிந்துவிடும்.

கடைசியாகக் கூட்டல். மொத்த மார்க் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருக்கலாம். மூன்றாவது, நான்காவது வகையில் போன மார்க்கை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல், எழுதும் முறையை மாற்றினாலே திரும்பி வரக்கூடிய மார்க் அது. பலருக்கு அந்த எண்ணிக்கை ஆச்சரியமாக இருக்கும்.

மீதி நாட்கள்

பாடமே தெரியாமல் விட்டவற்றில், அதிகம் கேட்கப்படும் இரண்டு தலைப்புகளை மட்டும் எடுங்கள். மற்றவற்றை மனதார விட்டுவிடுங்கள். ஐந்து நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் போனால் கையில் இருப்பதும் நழுவும்.

நினைவுக்கு வராதவற்றை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள், மறுநாள் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை. தவறிய கேள்விகளையும் அப்படியே வெள்ளைத் தாளில் மறுபடி போடுங்கள். விடைக்குறிப்பின் விளக்கத்தைப் படித்து "ஓ, புரியுது" என்று தலையாட்டுவது போதாது. நேரம் போதாதவர்கள், மாட்டிக்கொண்ட பகுதியிலிருந்து இருபது இருபது கேள்வியாக எடுத்துக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். இன்னொரு முழு மாதிரித் தேர்வு வேண்டாம்.

சறுக்கல்களுக்கான கைவேலைகள், மறந்துபோகும் சூத்திரங்கள், தப்பாகத் தெரிந்து வைத்திருந்தவை எல்லாவற்றையும் ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தேர்வு நாள் காலையில் கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்கம் மட்டும்தான். தாள்கள் பல என்றால் தாளுக்கு ஒரு பக்கம்.

ஹால் டிக்கெட்டின் பின்பக்க விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். எந்த அடையாள அட்டை, அசலா நகலா, புகைப்படம் ஒட்ட வேண்டுமா, பேனா கறுப்பா நீலமா, கதவை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள். தேர்வு தொடங்கும் நேரமும் உள்ளே விடுவதை நிறுத்தும் நேரமும் வேறு வேறு. 9.30-க்குத் தேர்வு என்று நினைத்துக்கொண்டு 9.20-க்கு வந்து, மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் முகங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். முடிந்தால் தேர்வு மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், அதே நேரத்தில், அதே வண்டியில்.

முந்தைய நாள்

பையை மாலையிலேயே அடுக்கிவிடுங்கள். அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள், தவறிய கேள்விகளைக் கண்ணோட்டமாகப் பாருங்கள், புதிதாக எதையும் திறக்காதீர்கள். "இது வருமாம்" என்று கடைசி நேரத்தில் வரும் செய்திகளை அன்று ஒருநாள் படிக்காமல் இருங்கள்.

காபி, டீ பழக்கம் இருந்தால் பிற்பகலோடு நிறுத்துங்கள். உடலுக்குள் போன காஃபீனில் பாதி கரையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினொரு மணிக்கும் அதில் பாதி உள்ளேதான் இருக்கும். தூக்கம் வராமல் புரண்டாலும் மணி பார்க்காதீர்கள், எழுந்து புத்தகத்தை எடுக்காதீர்கள். கண்ணை மூடிச் சும்மா படுத்திருப்பதும் ஓய்வுதான். முந்தைய நாட்களில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் ஓர் இரவு கொஞ்சம் குறைவதால் நீங்கள் படித்தது எங்கேயும் போய்விடாது.

அன்று

மாதிரித் தேர்வு நாளில் செய்ததையே செய்யுங்கள். அதே சாப்பாடு, அதே நேரம், அதே பேனா. பயம் அதிகம் உள்ளவர்கள் தேர்வுக்கு முன் ஒரு தாளில் பத்து நிமிடம், என்ன பயம், ஏன் பயம் என்று மனதில் ஓடுவதை அப்படியே எழுதிப் பாருங்கள். 2011-ல் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய பதற்றக்கார மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம்.

வினாத்தாள் வந்ததும் முதல் வேலை பக்கங்களை எண்ணுவது, வரிசைக் குறியீடு விடைத்தாளோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, பதிவு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்ப்பது. அச்சுக் கோளாறு இருந்தால் அப்போதே கையைத் தூக்குங்கள். பிற்பாடு சொன்னால் மாற்றித் தருவது கடினம். விதிமுறைகளை வாசியுங்கள். போன ஆண்டிலிருந்து கேள்வி எண்ணிக்கையோ மார்க் முறையோ மாறியிருக்கலாம்.

முதல் மூன்று கேள்வியும் தெரியவில்லையென்றால் நான்காவதுக்குப் போங்கள். அதற்குத்தான் சுற்று முறை பழகினோம். மூளை வெறிச்சோடியது போல் ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம்தான் போகும். பிறகு, பார்த்ததும் தெரிகிற ஒரு கேள்வியைத் தேடி எழுதுங்கள். ஒன்று எழுதிவிட்டால் அடுத்தது வரும். பத்தாவது கேள்வியில் நின்று எண் சரிபார்ப்பதை இப்போதும் விட வேண்டாம்.

வெளியே வந்ததும் வாசலிலேயே விடை ஒப்பிடும் கூட்டம் இருக்கும். இன்னொரு தாள் பாக்கி இருக்கிறதென்றால் அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். வினாத்தாளைப் பையின் அடியில் வைத்துவிட்டு, சாப்பிட்டு, அரைமணி நேரம் படுத்துவிட்டு, அடுத்த தாளுக்கான அந்த ஒரு பக்கத்தை எடுங்கள்.